மலைப்பாதைக்கு ஓர் அமைப்பு: டிரஸ்ட்டா, சங்கமா, பிரிவு 8 கம்பெனியா?

ஏலகிரி போன்ற மலை ஊரில் நடைபாதைகளைச் சீர் செய்வது, உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பாறையேற்றம் சொல்லித் தருவது, பிளாஸ்டிக் பொறுக்குவது என்று சென்னையிலிருந்து சனி ஞாயிறுகளில் போய்வரும் குழுக்கள் நிறைய உண்டு. இரண்டு மூன்று வருடத்தில் எல்லாக் குழுவும் ஒரே இடத்தில் வந்து நிற்கும். கயிறும் ஹெல்மெட்டும் ஒருவர் பெயரில் பில், நன்கொடை இன்னொருவருடைய சேமிப்புக் கணக்கில். இனிமேல் பதிவு செய்தே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போது கையில் மூன்று வழிகள் இருக்கும்: டிரஸ்ட் (அறக்கட்டளை), சங்கம், லாப நோக்கமில்லாத வேலைக்கான பிரிவு 8 கம்பெனி. மூன்றையும் எடைபோட்டு நாங்கள் எடுத்தது சங்கம்.

முதலில், மூன்றுக்கும் பொதுவானவை. 12ஏ (அமைப்பின் வரவுக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) என்று வழக்கில் சொல்லப்படும் வருமான வரிப் பதிவுகள் மூன்றுக்கும் கிடைக்கும். கம்பெனியாக இருந்தால்தான் சிஎஸ்ஆர் பணம், அதாவது பெரிய நிறுவனங்கள் சமூகப் பணிக்கு ஒதுக்கும் பணம், வரும் என்பது தவறான பேச்சு. அந்த இரண்டு பதிவும் மூன்று ஆண்டுச் செயல்பாடும் இருந்தால், சிஎஸ்ஆர்-1 படிவம் போட்டு மூவரும் வாங்கலாம். வனத்துக்குள் ஆட்களைக் கூட்டிப்போகும் உரிமையை எந்தப் பதிவுச் சான்றிதழும் தராது. 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் உயிர்கள் போன பிறகு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே வந்துவிட்டன. 2024-இல் அரசே 40 பாதைகளோடு 'டிரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. காப்புக்காட்டில் ஒரு புதரை வெட்டுவதற்கும் வனத்துறையின் எழுத்துப்பூர்வமான அனுமதி வேண்டும்.

டிரஸ்ட் தொடங்குவது எளிது. பத்திரம் எழுதி, முத்திரைத்தாள் கட்டணம் கட்டி, சாட்சிகளோடு சார்பதிவாளர் அலுவலகம் போனால் வேலை முடிந்தது. 1882-ஆம் வருட அறக்கட்டளைச் சட்டம் தனியார் அறக்கட்டளைகளுக்கானது. மகாராஷ்டிரத்தில் இருப்பதுபோலப் பொது அறக்கட்டளைகளுக்கென்று தனி ஆணையர் தமிழ்நாட்டில் இல்லை. எனவே பதிவு அலுவலகத்துக்கு ஆண்டுதோறும் கணக்குக் காட்டும் வேலையும் இல்லை. ஒரு குடும்பம் தன் பணத்தையோ நிலத்தையோ மலைக்கு எழுதி வைக்கிறது என்றால் டிரஸ்ட்தான் சரி.

பலர் சேர்ந்து உழைக்கும் குழுவுக்கு அது பொருந்தாது. பத்திர எழுத்தர்களிடம் கிடைக்கும் மாதிரிப் பத்திரங்களில் பெரும்பாலும் 'நிர்வாக அறங்காவலர் ஆயுட்காலம் வரை' என்ற வரி இருக்கும். அடுத்த அறங்காவலரை இருக்கிற அறங்காவலர்களே நியமிப்பார்கள். நோக்கத்தை மாற்ற நினைத்தால் நீதிமன்றப் படியேற வேண்டியிருக்கும். மலைக்காரர்கள் அதில் பயனாளிகள் மட்டும்தான், அவர்களுக்கு ஓட்டு கிடையாது.

பிரிவு 8 கம்பெனியின் சட்டக் கட்டமைப்பு மூன்றிலும் உறுதியானது. இரண்டு பேர் போதும், குறைந்தபட்ச மூலதனம் கிடையாது, எல்லாம் இணையத்திலேயே நடக்கும். சிக்கல் பராமரிப்பில் இருக்கிறது. வருடத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் புழங்கினாலும் சட்டப்படியான தணிக்கை கட்டாயம். ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்த 30 நாளில் ஏஓசி-4 (நிதிக் கணக்குப் படிவம்), 60 நாளில் எம்ஜிடி-7 (ஆண்டு விவரப் படிவம்) தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு இல்லை. இரண்டும் 90 நாள் தாமதமானால் 18,000 ரூபாய். ஒரு பாறையேற்றக் கயிற்றின் விலையைவிட அதிகம் அது. தொடர்ந்து மூன்று நிதியாண்டு தாக்கல் செய்யாவிட்டால் இயக்குநர்கள் ஐந்து வருடத்துக்குத் தகுதி இழப்பார்கள். ஓஎம்ஆரில் சொந்தமாக ஸ்டார்ட்அப் நடத்தும் ஒருவர் நல்லெண்ணத்தில் இங்கே இயக்குநராகப் பெயர் கொடுத்திருந்தால், அவருடைய சொந்தத் தொழிலையும் இது பாதிக்கும். கம்பெனி வடிவத்தை நாங்கள் நடத்தியதில்லை. சம்பளத்துக்குக் கணக்காளர் வைத்து, பெரிய தொகை புழங்கும் அமைப்புக்கு இதுவே மேல் என்று நடத்துபவர்கள் சொல்வதை மறுக்க மாட்டோம்.

சங்கத்துக்கு வருவோம். 1975-ஆம் வருட தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், குறைந்தது ஏழு பேர். சங்க விவரக்குறிப்பும் துணை விதிகளும் எழுதி, அலுவலக முகவரிக்கு உரிய மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும். செயற்குழுவில் குறைந்தது மூன்று பேர், அவர்கள் பதவிக்காலம் மூன்று வருடத்தைத் தாண்டக் கூடாது. எங்களைச் சங்கத்தின் பக்கம் சாய்த்தது இந்தக் கடைசி விதிதான். சென்னைக் குழுக்களில் ஆட்கள் நிலையாக இருப்பதில்லை. ஒருவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போவார், இன்னொருவருக்குக் குழந்தை பிறக்கும், தொடங்கிய ஏழு பேரில் ஐந்தாம் வருடம் இரண்டு பேர் மிஞ்சினாலே பெரிது. மலையிலேயே இருப்பவர்கள் கைக்குப் பொறுப்பு போக வேண்டும். தேர்தல் வைத்து அதைச் செய்ய வழி இருப்பது சங்கத்தில்தான்.

அந்தக் கைமாற்றம் தானாக நடந்துவிடாது. துணை விதியிலேயே எழுதி வைக்க வேண்டும். செயற்குழுவில் பாதி இடம் அந்த ஊராட்சியில் குடியிருப்பவர்களுக்கு என்று போடுங்கள். சென்னையில் முப்பது உறுப்பினர், மலையில் ஆறு பேர் என்றால் ஓட்டெடுப்பில் மலை எப்போதும் தோற்கும். ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் யாரும் கூடாது. பொதுக்குழு மலையில்தான் கூட வேண்டும். உறுப்பினர் வேறு, தன்னார்வலர் வேறு. வாட்ஸ்அப் குழுவில் இருக்கும் முந்நூறு பேரையும் உறுப்பினர் ஆக்கினால் அத்தனை பேருக்கும் கூட்ட அறிவிப்பு அனுப்ப வேண்டும், குறைவெண்ணும் (கோரம்) சேராது. சந்தா கட்டி, தீர்மானத்தில் பெயர் ஏறியவர் மட்டுமே உறுப்பினர். மற்றவர்களுக்குத் தன்னார்வலர் பதிவேடு தனியாக இருக்கட்டும்.

சங்கங்கள் சறுக்கும் இடம் படிவம் 7. தேர்தல் முடிந்ததும் புதிய செயற்குழுவின் விவரத்தை இந்தப் படிவத்தில் பதிவாளருக்குக் கொடுக்க வேண்டும். கைதட்டி மாலை போட்டதோடு பலர் இதை மறந்துவிடுவார்கள். அலுவலகப் பதிவில் பழைய செயலாளரே நீடிப்பார். வங்கிக்குப் போனால் கையெழுத்து மாற்ற அந்தப் படிவத்தின் சான்றிட்ட நகலைக் கேட்பார்கள். பழையவர் துபாயில் இருந்தால் காசோலை நகராது. கோடைக்கு முன்னால் தீத்தடுப்பு வேலைக்கு ஆள்கூலி கொடுக்க வேண்டிய மாதத்தில் இப்படிக் கணக்கு முடங்கும். இரண்டு அணி ஆகிவிட்டால் ஆளுக்கொரு படிவம் 7 கொண்டு நிற்பார்கள், உயர் நீதிமன்றம் வரை போகும் வழக்கு அது.

தடுக்க வழி உண்டு. தீர்மானப் புத்தகம் பக்க எண் அச்சிட்ட, தைத்த நோட்டாக இருக்க வேண்டும், உதிரித் தாள் கூடாது. வந்தவர்கள் அதிலேயே கையெழுத்துப் போட வேண்டும். அதே கூட்டத்தில், 'கணக்கைத் தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகிய மூவரில் எவரேனும் இருவர் இயக்கலாம்' என்று பதவியைச் சொல்லி ஒரு தீர்மானம், அதன் கீழே புதியவர்களின் பெயர்கள். படிவத்தை அந்த மாதமே கொடுத்து, நகல் மூன்று வாங்கி, ஒன்றை மலையில் வையுங்கள்.

வடிவம் எதுவானாலும் காலை வாரக்கூடியது நோக்க வாசகம். விளையாட்டை வளர்ப்பது வருமான வரியில் 'பொதுப்பயன்' என்ற தலைப்பில் வரும். அதில் கட்டணம் வாங்கி நடத்தும் வேலைகளின் வரவு, அந்த வருட மொத்த வரவில் 20 சதவீதத்தைத் தாண்டினால் வரி விலக்கு போய்விடும். நன்கொடை 4 லட்சம், முகாம் கட்டணம் 1 லட்சம் என்றால் சரியாக விளிம்பில் நிற்கிறீர்கள். கட்டணம் 1.2 லட்சமானால் 23 சதவீதம். காடு, நீர்ப்பிடிப்பு, வனவிலங்கு உள்ளிட்ட சுற்றுச்சூழல் பாதுகாப்பு தனித் தலைப்பு, இந்த 20 சதவீத வரம்பு அதற்கு இல்லை. பாதை பராமரிப்பும் மண்ணரிப்புத் தடுப்பும்தான் உண்மையில் முதன்மை வேலை என்றால் அதையே முதல் நோக்கமாக எழுதுங்கள், செலவுக் கணக்கும் அதையே காட்ட வேண்டும். பின்னால் திருத்த நேர்ந்தால் சங்கத்தில் 21 நாள் அறிவிப்பும், வந்து ஓட்டுப் போடுபவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரவும் வேண்டும். திருத்திய 30 நாளுக்குள் வருமான வரித்துறைக்கும் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆண்டு வேலைகளின் ஓட்டம் இப்படி: மார்ச் 31-இல் கணக்கை முடித்து, மே 31-க்குள் நன்கொடையாளர் பட்டியலை வரித்துறையில் ஏற்றி, ஜூன் மாதம் ஆடிட்டரிடம் கொடுத்து, ஆகஸ்டில் மலையில் பொதுக்குழு கூட்டிவிட்டால், செப்டம்பர் 30-க்குள் வரவு செலவும் உறுப்பினர் பட்டியலும் பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்விடும். ரொக்க நன்கொடை 2,000 ரூபாய்க்கு மேல் 80ஜி-யில் ஏறாது என்பதை ரசீதுப் புத்தகத்தின் அட்டையிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.