சூடா, நொதியா? பெராக்சைடை விரட்ட எது தேவலை

திருப்பூர் சாயப்பட்டறைகளில் பனியன் துணியை வெளுக்க, ஹைட்ரஜன் பெராக்சைடும் காஸ்டிக் சோடா என்ற காரமும் போட்டுக் கொதிநிலையை ஒட்டி ஓட்டுவார்கள். வெளுத்தபின் துணியில் தங்கிவிடும் பெராக்சைடு, அடுத்து ஏறும் ரியாக்டிவ் சாயத்தைக் கெடுக்கும். ஷேடு இறங்கும், திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதைத் தீர்க்க இரண்டு வழி: சுடுதண்ணீரில் திரும்பத் திரும்ப அலசுவது, அல்லது 'பெராக்சைடு கில்லர்' என்ற பெயரில் வரும் கேட்டலேஸ் நொதியைப் போடுவது.

முதல் வழி வெப்பநிலையைக் கூட்டுகிறது, இரண்டாவது கிளர்வு ஆற்றலை, அதாவது வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் மேட்டை, குறைக்கிறது. 1889-இல் அர்ஹீனியஸ் தந்த வினைவேகச் சமன்பாட்டில் இரண்டும் ஒரே அடுக்குக்குறியில்தான் இருக்கின்றன. ஆனால் பலன் சமமில்லை.

பெராக்சைடு தானாகச் சிதையக் கிளர்வு ஆற்றல் மோலுக்குச் சுமார் 75 கிலோஜூல். தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 80-க்குச் சூடாக்கினால் வேகம் ஏறத்தாழ 70 மடங்கு ஏறும். அதே 30 டிகிரியிலேயே, மற்றவை மாறாமல், அந்த 75-ஐ 50 ஆக்கினால்? சுமார் 20,000 மடங்கு. கேட்டலேஸ் அதை 25-க்கும் கீழே கொண்டுபோகிறது. கோவையிலிருந்து கேரளம் போக மலையேறத் தேவையில்லை, பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறது. நொதி திறப்பது அப்படியொரு வழி.

செலவையும் பாருங்கள். ஆயிரம் லிட்டரை 50 டிகிரி ஏற்றக் குறைந்தது 58 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் வேண்டும். பாய்லரில் அது விறகாக எரிகிறது. சுடுதண்ணீர் அலசலில் பாதி வேலை சிதைப்பது அல்ல, கழுவிவிடுவது. 2011-இல் சென்னை உயர்நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகாமல் சுத்திகரிக்க வேண்டிய ஊரில், ஒவ்வொரு அலசலும் காசு.

அப்புறம், '10 டிகிரிக்கு வேகம் இரட்டிப்பு' என்ற பாடம். அறை வெப்பத்தில், கிளர்வு ஆற்றல் 50-ஐ ஒட்டியிருந்தால்தான் அது சரி. 75 என்றால் இரண்டரை மடங்கைத் தாண்டும். கிளர்வு ஆற்றல் பெரிதாக இருக்கும் வினைக்கே சூடு அதிகம் உதவும், நாம் விரும்பாத வினையாக இருந்தாலும். நொதிக்கு அந்தக் குழப்பம் இல்லை: பெராக்சைடை உடைக்கும், சாயத்தைத் தொடாது.

ஆனால் நொதி கொஞ்சம் நோஞ்சான். வெளுத்த காஸ்டிக் தண்ணீரில் அப்படியே போட்டால் வீண். அசிட்டிக் அமிலத்தால் காரத்தை இறக்கி, சூட்டையும் தணித்துப் போட வேண்டும். அதிகச் சூட்டில் அதன் புரதம் குலைந்துவிடும். அந்தப் பொறுமை உள்ள பட்டறைக்கு என் ஓட்டு நொதிக்குத்தான்.

வெளுப்புக்கோ சூடுதான். அங்கே வினையூக்கி, அதாவது நொதியைப் போல வினையை வேகப்படுத்தும் பொருள், வந்தாலே ஆபத்து: தண்ணீரிலோ துணியிலோ இரும்புத் துகள் இருந்தால், பெராக்சைடு அந்த இடத்தில் மட்டும் வெறிகொண்டு உடைந்து பனியனில் ஓட்டை விழும்.