சஞ்சீவ ரெட்டியும் மனோகர் ஜோஷியும்: முதலமைச்சர்களாக இருந்த இரு மக்களவைத் தலைவர்கள்

1956-இல் ஆந்திரப் பிரதேசத்தின் முதல் முதலமைச்சரான நீலம் சஞ்சீவ ரெட்டியும், 1995-இல் சிவசேனையின் முதல் முதலமைச்சராக மகாராஷ்டிரத்தை ஆண்ட மனோகர் ஜோஷியும், மாநில அரசியலில் காலூன்றி, மத்திய அமைச்சர்களாகவும் பணியாற்றிய பின்னரே மக்களவைத் தலைவர் இருக்கைக்கு வந்தனர்.

மும்பை மேயராகவும் இருந்த ஜோஷி, 2002-இல் அப்போதைய அவைத்தலைவர் பாலயோகி ஹெலிகாப்டர் விபத்தில் உயிரிழந்ததை அடுத்து அப்பதவியை ஏற்று, 2004 தேர்தலில் தம் கட்சியின் வேட்பாளராகவே நின்று தோற்றார்.

ரெட்டியோ, 1967-இல் அவைத்தலைவராகத் தேர்வானதும் காங்கிரஸ் உறுப்பினர் பொறுப்பையே துறந்தார். எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதால், அது எனக்கு மிகப் பெரிய செயலாகப் படுகிறது. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், அவைத்தலைவர் கட்சியை விட்டு விலகினாலும் பதவி பறிபோகாது என்று பாதுகாப்பு அளித்த பின்னரும், அவ்வழியை ஜோஷி தேர்ந்தெடுக்கவில்லை. கட்சி மாறியோரின் தகுதிநீக்கத்தை முடிவு செய்யும் அதிகாரத்தையும் அதே சட்டம் அவைத்தலைவரிடமே ஒப்படைத்திருப்பதால், ரெட்டி காட்டிய வழி இன்றைக்கு இன்னும் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

1969-இல் குடியரசுத் தலைவர் தேர்தலில் வி.வி. கிரியிடம் தோற்ற ரெட்டி, 1977-இல் மீண்டும் அவைத்தலைவராகி, அவ்வாண்டே போட்டியின்றிக் குடியரசுத் தலைவரானார்.