பழைய கார் பார்ட்ஸ் ஆன்லைனில்: யார்டா, சந்தைத் தளமா, தனி ஆளா?

பழைய உதிரி பாகங்களை ஆன்லைனில் விற்பவர்கள் பெரும்பாலும் மூன்று வகை. வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்கும் யார்டுகள். வாங்குபவரின் பணத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கும் பெரிய சந்தைத் தளங்களில் கடை போட்டிருப்பவர்கள். வரி விளம்பரத்திலும் சமூக ஊடகக் குழுக்களிலும் விற்கும் தனி ஆட்கள். 'ரீகண்டிஷன்' (பழையதைப் பிரித்துச் சரிசெய்தது) என்று சொல்லி விற்பவர்கள் நான்காவது ரகம், அவர்களைப் பிறகு பார்க்கலாம்.

இதில் யார் யோக்கியர் என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. பொருளே இல்லாமல் யார்டு பணம் வாங்குவது அபூர்வம். ஆனால் வண்டி ஓடிய கிலோமீட்டரில் கை வைக்கும். தனி ஆளுக்குக் கிலோமீட்டரில் பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் பல நேரம் பொருளே அவரிடம் இருக்காது. ஆகவே எங்கே வாங்குகிறோமோ அங்கே நடக்கும் பொய்யைத்தான் தேட வேண்டும்.

யார்டு: பொருள் இருக்கும், வரலாறு மாறும்

முதலில் கேட்க வேண்டியது, அந்தப் பாகம் எந்த வண்டியிலிருந்து கழற்றப்பட்டதோ அதன் சேசிஸ் நம்பர். 17 எழுத்து-எண்கள் கொண்ட அந்த நம்பரில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகளும் வரவே வராது. கொடுத்த நம்பரில் அவற்றில் ஒன்று இருந்தால், படிக்கும்போது பூஜ்யத்தையோ ஒன்றையோ எழுத்தாக்கிவிட்டார்கள் அல்லது இட்டுக்கட்டியிருக்கிறார்கள். (ஜப்பான் உள்நாட்டுச் சந்தை வண்டிகளில் இதைவிடச் சிறிய ஃப்ரேம் நம்பர்தான் இருக்கும்; அதைப் பார்த்துச் சந்தேகப்பட வேண்டாம்.) அந்த நம்பரை வண்டித் தயாரிப்பாளரின் பார்ட்ஸ் கேட்டலாகில் போட்டால் தயாரிப்பு மாதம், என்ஜின் குறியீடு, கியர்பாக்ஸ் குறியீடு கிடைக்கும். பாகத்தின் மேல் உள்ள குறியீடு அதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். நம்பரைத் தர மறுக்கும் யார்டோடு மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

பிளாஸ்டிக் பாகங்களில் இன்னொரு சாட்சி உண்டு. பம்பர், ஹெட்லைட் கூடு, டோர் டிரிம் போன்றவற்றின் உட்புறத்தில் சிறு வட்ட முத்திரை பதிந்திருக்கும். சுற்றிலும் 1 முதல் 12 வரை எண்கள், நடுவில் ஆண்டின் கடைசி இரு இலக்கங்கள், மாதத்தைக் காட்ட ஓர் அம்பு. '2020 வண்டியில் கழற்றியது' என்று சொல்லும் ஹெட்லைட்டில் 14 என்று இருந்தால் கதை அங்கேயே முடிந்தது. விற்பவர்களிலேயே பலர் இந்த முத்திரையைக் கவனிப்பதில்லை என்பது நமக்குச் சாதகம்.

என்ஜின் வாங்குவதாக இருந்தால் 'ஸ்டார்ட் ஆகிறது' என்ற வீடியோ போதாது. ஏற்கெனவே சூடாக்கிய என்ஜினைக் கிளப்பிக் காட்டுவது பழைய தந்திரம். குளிர்ந்த நிலையில்தான் டைமிங் செயின் சத்தமும் புகையும் வெளிப்படும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் குழாய்த் தொகுதி) வெறுங்கையை வைத்துக் காட்டிவிட்டு, அதே ஷாட்டில் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். கம்ப்ரெஷன் டெஸ்ட்டும் (சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் எழுகிறது என்ற சோதனை) வெட்டப்படாத ஒரே வீடியோவில் எல்லா சிலிண்டருக்கும் வேண்டும். பெட்ரோல் என்ஜினில் பொதுவாக 10 முதல் 14 பார் வரை வரும். அளவைவிட சிலிண்டருக்கு சிலிண்டர் உள்ள வித்தியாசம்தான் முக்கியம்: 10-15 சதவீதத்தைத் தாண்டினால் வாங்காதீர்கள். மூன்று சிலிண்டருக்குக் காட்டிவிட்டு நான்காவதுக்கு வீடியோ முடிகிறதென்றால், அதைச் சொல்லவும் வேண்டுமா?

யார்டின் இரண்டாவது பொய் 'எல்லாத்துக்கும் செட் ஆகும்' என்பது. இது பாதி நேரம் அலட்சியம், மீதி நேரம் வேண்டுமென்றே. வெளிக்கூடு ஒன்றாகவே உள்ள இரு கியர்பாக்ஸ்களின் ஃபைனல் டிரைவ் விகிதம் வேறாக இருக்கலாம். ஒரே ஹார்ட்வேர் நம்பர் கொண்ட இ.சி.யு. (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), பழைய வண்டியின் இம்மொபிலைசரோடு (திருட்டுத் தடுப்புப் பூட்டு) பூட்டப்பட்டிருந்தால் உங்கள் வண்டியைக் கிளப்பாது. 'பார்ட் நம்பரின் கடைசி எழுத்து வரை ஒத்திருக்கிறதா, கோடிங் (வண்டிக்கு ஏற்ப மென்பொருளை அமைப்பது) இல்லாமல் ஓடுமா' என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வாரண்டியில் கூலி சேருமா என்றும் கேட்க வேண்டும்; பெரும்பாலும் சேராது. பாகத்தை மாற்றித் தருவார்கள், இறக்கி ஏற்றும் செலவு உங்கள் தலையில்.

சந்தைத் தளம்: பணம் பத்திரம், காலக்கெடு எதிரி

பணத்தைத் திரும்பப் பெற வழி இருப்பதுதான் இதன் பலம். அதனால் இங்குள்ள மோசடிகள் அந்த வழியை அடைப்பதிலேயே குறியாக இருக்கும். 'இதோ நாளை அனுப்புகிறேன்', 'கூரியர் தாமதம்' என்று புகார் செய்யும் கெடு முடியும்வரை இழுப்பது ஒன்று. தளத்துக்கு வெளியே பணம் அனுப்பினால் விலையைக் குறைக்கிறேன் என்பது இன்னொன்று. இதைக் கேட்ட நொடியே விலகிவிடலாம். நண்பருக்கு அனுப்புவதாகக் குறிப்பிட்டுப் பணம் போடச் சொல்வதும் இதே ரகம்தான், அந்த வகைப் பரிமாற்றத்துக்கு வாங்குபவர் பாதுகாப்பு கிடையாது.

கொஞ்சம் நுட்பமானது ஒன்று இருக்கிறது. உங்கள் ஊரிலேயே வேறொரு முகவரிக்கு ஒரு காலி உறையை அனுப்பிவிட்டு, அந்த டிராக்கிங் நம்பரை உங்களுக்குத் தருவார்கள். கணினியில் 'டெலிவரி ஆனது' என்று வந்துவிடும். கூரியர் நிறுவனத்திடம் பார்சலின் எடையையும் டெலிவரி முகவரியையும் எழுத்தில் வாங்கினால் இது உடையும்: ஆல்டர்னேட்டர் பல கிலோ இருக்கும், உறை 50 கிராம்கூட இருக்காது.

ரேட்டிங்கைப் பார்க்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, எதை விற்று அந்த ரேட்டிங்கை வாங்கினார் என்று பாருங்கள். பல வருடம் போன் கவர் விற்ற கணக்கு திடீரென்று பத்து டர்போக்களைப் பட்டியலிட்டால், அந்தக் கணக்கு களவு போயிருக்கலாம். படத்தை இமேஜ் தேடலில் போட்டு, வேறு பெயரில் வேறு ஊரில் இதே படம் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்விகளைத் தளத்தின் மெசேஜிலேயே கேளுங்கள், ஆம்-இல்லை என்று பதில் வரும்படி. 'கண்டிஷன் எப்படி?' என்றால் 'சூப்பர்' என்றுதான் வரும். 'ஹெட்லைட்டின் பின்புறப் பிடிகள் அனைத்தும் ஒட்டுப் போடாமல் முழுசாக உள்ளனவா?' என்று கேட்டு ஆம் என்று பதில் வந்தால், நாளைக்கு அதுவே சாட்சி.

தனி ஆள்: விலை குறைவு, பிடி இல்லை

'நிறைய பேர் கேட்கிறார்கள், டோக்கன் போட்டால் எடுத்து வைக்கிறேன்.' இந்த வாக்கியத்தில்தான் பெரும்பாலான பணம் போகிறது. தேதி எழுதிய தாளோடு படம் கேட்பது ஒரு காலத்தில் வேலை செய்தது. இப்போது தாளைப் படத்தில் ஒட்டிவிடுகிறார்கள். வீடியோ காலில் வரச் சொல்லி, பார்ட் நம்பரைக் காட்டி, கனெக்டர் மேல் ஒரு சாவியை வைத்து, பாகத்தைப் புரட்டச் சொல்லுங்கள். பொருள் கையில் உள்ளவர் முணுமுணுத்துக்கொண்டே செய்வார்.

திருட்டுப் பொருள் வருவதும் அதிகம் இந்த வழியில்தான். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் பாகம்), ஏர்பேக், டச் ஸ்கிரீன், அலாய் வீல் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். கனெக்டரைக் கழற்றாமல் ஒயரை அறுத்திருப்பது, நம்பரைச் சுரண்டியிருப்பது, மீதி வண்டி எங்கே என்று கேட்டால் பேச்சு மாறுவது எல்லாம் அடையாளங்கள். அறுத்த குழாய் மட்டும் ஆதாரமாகாது. யார்டிலும் கன்வெர்ட்டரை அறுத்துத்தான் எடுப்பார்கள். யார்டால் வண்டியைக் காட்ட முடியும், அதுதான் வித்தியாசம்.

நேரில் போய்ப் பார்த்துப் பணம் தர முடிந்தால் தனி ஆள்தான் மூவரிலும் மலிவு. தூரத்தில் இருந்தால் மூவரிலும் மோசம்.

'ரீகண்டிஷன்': பெயிண்டா, வேலையா?

என்னென்ன மாற்றினீர்கள் என்று பட்டியல் கேளுங்கள். டர்போ என்றால் பேரிங், சீல், கூடவே பேலன்ஸிங் அறிக்கை. ஆல்டர்னேட்டர் என்றால் பிரஷ், பேரிங், ரெகுலேட்டர். பட்டியல் இல்லாமல் பளபளப்பு மட்டும் இருந்தால், அழுக்கின் மேல் ஸ்பிரே அடித்தது. லேபிளுக்கும் சேர்த்துப் பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகமே வேண்டாம். டர்போ ஷாஃப்டில் பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இயல்பு. முன்பின்னாக ஆடுவது விரலுக்குத் தெரிந்தாலோ, பிளேடு கூட்டில் உரசிய தடம் இருந்தாலோ அது தேய்ந்தது. பழைய பாகத்தைத் திருப்பித் தந்தால் டெபாசிட் வாபஸ் என்பவர்களிடம், எந்தக் காரணத்துக்கு வாபஸ் மறுப்பார்கள் என்பதை முன்கூட்டியே கேட்டு வாங்குங்கள். நேர்மையற்றவர்களின் லாபம் அந்த டெபாசிட்டில்தான் இருக்கிறது.

எடுக்கப்படாத படங்கள்

எந்த வகை விற்பனையாளரானாலும் மறைக்கும் கோணம் ஒன்றுதான். அலாய் வீலின் முகத்தைக் காட்டுவார்கள். விரிசலும் வெல்டிங்கும் வளைவும் உள்வளையத்தில் இருக்கும். ஹெட்லைட்டின் கண்ணாடியைக் காட்டுவார்கள். உடைந்து ஒட்டிய பிடி பின்னால் இருக்கும். இ.சி.யு.வின் லேபிளைக் காட்டுவார்கள். பச்சை பிடித்த பின்கள் கனெக்டருக்குள். டயரின் பட்டனை (தரையில் படும் மேடுகளை) காட்டுவார்கள். பக்கச்சுவரில் 'DOT' என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு எண்களைக் காட்டச் சொல்லுங்கள், 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம்.

ஏர்பேக்கை மட்டும் மூன்று இடத்திலும் வாங்காதீர்கள். வெடித்த பையை மடித்து, மூடியை ஒட்டி விற்பதை வெளியிலிருந்து கண்டுபிடிக்க முடியாது. டகாட்டா நிறுவனத்தின் அம்மோனியம் நைட்ரேட் இன்ஃப்ளேட்டர்கள் (பையை ஊதவைக்கும் பகுதிகள்) வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் கெட்டு, வெடிக்கும்போது உலோகச் சில்லுகளை வீசின. கோடிக்கணக்கில் திரும்பப் பெறப்பட்டும், பிரித்த வண்டிகளில் அவை இன்னும் தங்கியிருக்கலாம்.

பார்சல் வந்ததும் லேபிளிலிருந்து தொடங்கி, வெட்டாமல் வீடியோ எடுத்தபடி பிரியுங்கள். நம்பர் ஒத்துப்போகும்வரை வண்டியில் மாட்டாதீர்கள்: மாட்டிய தடம் இருந்தால் பல விற்பனையாளர்கள் திரும்ப எடுக்க மாட்டார்கள். விற்பனையாளர் போட்ட மார்க்கர் கோட்டையோ சீலையோ அழிக்காதீர்கள். பாகத்தை மாற்றி வைத்துத் திருப்பி அனுப்பும் வாங்குபவர்களும் இருப்பதால்தான் அதைப் போடுகிறார்கள். அது இருக்கும்வரை உங்கள் புகாருக்கும் வலு இருக்கும்.