1609-ஆம் வருஷத்துப் பேப்பர், இலவசமாக

பழைய பேப்பர் பைத்தியங்களுக்கு நல்ல தீனி. ஜெர்மனியின் ஹைடெல்பர்க் பல்கலைக்கழக நூலகம், யோஹன் கரோலஸ் ஸ்ட்ராஸ்பர்க்கில் அச்சிட்ட ‘ரிலாட்சியோன்’ வாரச் செய்தித்தாளின் 1609 இதழ்களை இணையத்தில் திறந்தே வைத்திருக்கிறது. செய்திகளை ஆள் வைத்துக் கையால் நகலெடுத்து விற்றுவந்தவர், 1605-இல் அச்சுக்கு மாறினார். கொட்டை எழுத்துத் தலைப்பெல்லாம் கிடையாது; ஊர், தேதி, நேரே விஷயம். வெனிஸ் செய்தியில் கலிலியோவின் தொலைநோக்கி வருகிறது, அதுவும் ஏதோ ஊர்ச் சமாசாரம் மாதிரி! ஜெர்மன் தெரியாதா? சரி, 1780-இல் கல்கத்தாவில் ஹிக்கி தொடங்கிய ஆங்கில வாரப் பத்திரிகை ‘பெங்கால் கெசட்’டும் அங்கேயே இருக்கிறது. கவர்னர் ஜெனரல் ஹேஸ்டிங்ஸையே வம்புக்கிழுத்து ஜெயிலுக்குப் போன மனுஷன். அவர் பத்திரிகையில் விளம்பரங்களை விட்டுவிடாதீர்கள். கைபேசியில் வேண்டாம், பெரிய திரையில் பாருங்கள்.