மந்தில் வாங்கிய பூத்துக்குளி: ஒரு தையல்காரியின் பார்வையில்

குன்னூர்ல 22 வருஷமா ஜாக்கெட் தைக்கிறேன். எந்தத் துணியா இருந்தாலும் முதல்ல பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறது என் பழக்கம். போன வருஷம் ஊட்டியில ஒரு கடையில, கொட்டுற மழையில அவசரமா 900 ரூபாய்க்கு ஒரு 'தோடா சால்வை' வாங்கினேன். வீட்டுக்கு வந்து திருப்பினா வெறும் அச்சு. மனசு ஆறவேயில்ல.

இந்தத் தடவை மந்துக்கே, அதாவது நீலகிரித் தோடர் பழங்குடிகளோட குடியிருப்புக்கே போய், தைக்கிற அம்மாகிட்டயே பூத்துக்குளின்னு சொல்ற அவங்க பூவேலைச் சால்வை ஒண்ணு சொல்லிவெச்சேன். மூணு மாசம் ஆச்சு. விலை 6,500 ரூபாய்.

முரட்டு வெள்ளைப் பருத்தித் துணி, அதுல சிவப்பும் கறுப்பும் நூல். சட்டம் போட்டு இழுத்துக் கட்டறது இல்ல, பென்சில் கோடு இல்ல. துணியோட இழைகளை எண்ணி எண்ணி ஊசியைக் கொண்டுபோறாங்க, அதுவும் பின்பக்கமா இருந்து. நூல் திரும்புற இடத்துல இறுக்காம துளி தளர்த்தி விடறாங்க. அது முன்பக்கத்துல மேடு தட்டி நிக்குது. தடவிப் பார்த்தா தறியிலேயே நெய்தது மாதிரி இருக்கும். ஒரு இழை தவறினதுக்கு நாலு விரற்கடை வேலையை அந்தம்மா என் கண்ணு முன்னாடியே பிரிச்சாங்க.

"மாதிரிப் புத்தகம் ஏதாவது இருக்குங்களாம்மா?"ன்னு கேட்டேன்.

"எங்கம்மா பக்கத்துல உட்கார்ந்து பார்த்ததுதான் கண்ணு."

தோடர் மொழிக்குத் தனி எழுத்து கிடையாது. முயல்காது, எருமைக்கொம்புன்னு ஒவ்வொரு கோலத்துக்கும் உள்ள எண்ணிக்கை பார்த்துப் பார்த்தே கைக்கு வரணும். விசேஷத்துக்குப் போர்த்துறதும் பூத்துக்குளிதான், இறந்தவங்களைச் சுத்தி அனுப்புறதும் அதுலதான்.

2013ல இந்த வேலைப்பாட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சது. நல்ல விஷயம். ஆனா அந்தம்மா சொன்ன குறை வேற: சுற்றுலா வர்றவங்க பர்சும் செல்போன் பையும்தான் கேட்கிறாங்களாம். ஒரு பர்சுல ஒரு வரிக் கோலம்தான் கொள்ளும். முழுச் சால்வைக்கு ஆள் வராட்டி பெரிய கோலங்களை எதுல போட்டுக் காட்டி பொண்ணுங்களுக்குப் பழக்குறது? அதைக் கேட்ட பிறகு எனக்குப் பேரம் பேச வாய் வரல. என் கடையில ஆரி வேலைக்கு வாங்குற கூலியை வெச்சுப் பார்த்தா, 6,500 குறைவுதான்.

குறைன்னு சொன்னா, புதுசுல கழுத்துல உறுத்தும். நூல் செயற்கைக் கம்பளி, அதனால சூடான இஸ்திரிப் பெட்டியை வெச்சிடாதீங்க. பச்சைத் தண்ணியில தனியா ரெண்டு தடவை அலசிட்டேன், சாயம் போகல. டிசம்பர் பனிக்கு ரெண்டா மடிச்சுப் போர்த்தினா ஸ்வெட்டர் வேண்டாம்.

என் மகளுக்கு இன்னொண்ணு சொல்லிவெச்சு முன்பணமும் கொடுத்தாச்சு. அதோட ஓரத்து முயல்காதை அந்தம்மாவோட பேத்தி போடறதா பேச்சு. ஆறாவது படிக்கிறா, பரீட்சை முடிஞ்சுதான் உட்காருவாளாம். ஆகட்டும், நான் அவசரப்படுத்தல.