ஜெல்லா, பல்குத்தும் குச்சியா? நகத்தில் சுங்குடி போட்ட கதை

சித்திரைத் திருவிழாவுக்கு முந்தின வாரம்தான் இந்தப் பித்து பிடித்தது. அழகரை மதுரை எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவையைப் பார்க்கத் தல்லாகுளம் போவதென்று நானும் தோழியும் பேசி வைத்திருந்தோம். இருவருக்கும் புள்ளி புள்ளியாக இருக்கும் சுங்குடிச் சேலை. "நகத்துலயும் சுங்குடி போட்டா என்னடி?" என்று அவள்தான் ஆரம்பித்தாள். பார்லரில் விசாரித்தோம். பத்து விரலுக்குச் சொன்ன காசில் இன்னொரு சேலையே எடுத்துவிடலாம். சரி, நம் கை, நம் நகம், நாமே போடுவோம் என்று மஹால் பக்கம் அவள் வீட்டு மாடியில் உட்கார்ந்தோம். அன்று தொடங்கியது, ஆடி வரை சனிக்கிழமைதோறும் ஓடியது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தோழி நர்ஸ். திங்கட்கிழமை காலை டூட்டிக்குப் போகும்போது நகம் வெறுமையாக, குட்டையாக இருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2009-ல் வெளியிட்ட கை சுத்த வழிகாட்டியே, நோயாளியைத் தொடுகிறவர்கள் செயற்கை நகம் வைக்கக்கூடாது, சொந்த நகம் அரை சென்டிமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. எனக்கு அலுவலகத்தில் கணக்கு வேலை, நகத்தை யாரும் பார்ப்பதில்லை. இருந்தாலும் போடுவது இருவருமாக என்பதால் அவளுடைய திங்கட்கிழமைதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. எப்படிப் போடுவது என்று சொல்ல வீடியோக்கள் ஆயிரம் இருக்கின்றன. எப்படிக் கழற்றுவது என்பதை ஒரு வரியில் கடந்துவிடுகிறார்கள். எங்களுக்கு அந்த ஒரு வரியில்தான் விஷயமே இருந்தது.

சில்லறைப் போட்டியாளர்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். மருதாணி இந்தக் கணக்கிலேயே வராது. நகத்தில் ஏறிய சிவப்பு அழியாது, வளர்ந்து வெட்டித்தான் போக வேண்டும். ஒட்டு நகம் வேண்டுமானால் ஒரு மாலை ரிசப்ஷனுக்கு நன்றாக இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு ரசம் சாதம் பிசைந்து பாருங்கள், அடியில் போன பருக்கையை எடுக்கத் தனியாக ஒரு குச்சி வேண்டும். அச்சுத் தகட்டில் பாலிஷைத் தடவி, வழித்து, ரப்பர் முத்திரையால் ஒற்றி எடுக்கும் ஸ்டாம்பிங் முறையையும் பார்த்தோம். மதுரை வெயிலில், வழித்து முடிப்பதற்குள் தகட்டிலேயே காய்ந்துவிடுகிறது. பத்து விரலில் நான்கில்தான் உருப்படியாக விழுந்தது. குளிர்ந்த அறையில் நன்றாக வரலாம், எங்களுக்கு ஏசி இல்லை. தண்ணீரில் பாலிஷைச் சொட்டி, மிதக்கும் வளையங்களை ஊசியால் இழுத்து, அதில் விரலை முக்கும் வாட்டர் மார்பிள் பார்க்க மாயாஜாலம் மாதிரி இருக்கிறது. ஆனால் நகத்தைவிட விரலில்தான் அதிகம் ஒட்டுகிறது. பாட்டில் பாதி காலி.

ஆக, கடைசியில் நின்றவை இரண்டு. ஒன்று, விளக்கு வைத்துப் போடும் ஜெல். இன்னொன்று, அம்மா இன்றும் க்யூடெக்ஸ் என்று சொல்லும் சாதாரண நெயில் பாலிஷை அடியில் பூசி, மேலே பின்னாலும் குச்சியாலும் புள்ளி வைப்பது.

திருவிழாவுக்கு ஜெல்தான் போட்டோம். ஆன்லைனில் சின்ன எல்இடி விளக்கு வாங்கினோம். அழகர் பச்சைப் பட்டு உடுத்தி வைகையில் இறங்கினால் அந்த வருடம் செழிப்பு என்பார்கள், அதனால் அடிநிறம் பச்சை, புள்ளி மஞ்சள். உண்மையைச் சொல்ல வேண்டும், போடுகிற சுகம் ஜெல்லில்தான். சாதாரண பாலிஷ் அதிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் போவதால் காய்கிறது. ஜெல் அப்படியில்லை, புற ஊதா ஒளி பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன. விளக்குக்குள் விரலை நீட்டும் வரை அவசரமே இல்லை. புள்ளி கோணலாகப் போனால் துடைத்துவிட்டு மறுபடி வைக்கலாம். நீட்டினால் நிமிடத்துக்குள் கெட்டி. மின்விசிறியை நிறுத்த வேண்டாம், கையை ஆட்டிக்கொண்டே உட்கார வேண்டாம். எதிர்சேவைக் கூட்டத்தில் இடிபட்டு, பக்தர்கள் பீய்ச்சும் தோல்பைத் தண்ணீரில் நனைந்து, வீடு வந்து பாத்திரம் தேய்த்த பிறகும் ஒரு கீறல் இல்லை. இரண்டு வாரம் அப்படியே நிற்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது பொய்யில்லை போலிருக்கிறது.

எங்களுக்கு அதுதான் வினையாகிப் போனது. மறுநாள் காலை அவளுக்கு டூட்டி. முந்தின இரவு ஒன்பது மணிக்குக் கழற்ற உட்கார்ந்தோம். முறைப்படி மேல்பூச்சை அரத்தால் தேய்த்து மந்தமாக்க வேண்டும். அசிட்டோனில் நனைத்த பஞ்சை நகத்தின்மேல் வைத்து, அலுமினியத் தாளால் ஒவ்வொரு விரலாகச் சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் விட வேண்டும். பிறகு மரக்குச்சியால் மெதுவாகத் தள்ளினால் ஊறிய ஜெல் தோலாக உரிந்து வரும். வராத இடத்தில் மறுபடி சுற்ற வேண்டும். இத்தனையும் படித்தோம். ஆனால் நாங்கள் செய்தது வேறு. எங்களிடம் இருந்தது வழக்கமான ரிமூவர், சுத்த அசிட்டோன் இல்லை. இரண்டு முறை சுற்றியும் பாதிதான் ஊறியது. மணி பதினொன்று. பொறுமை போய், ஓரத்தைக் கிளப்பி இழுத்தோம். ஜெல்லோடு நகத்தின் மேல் ஏடும் சேர்ந்து வந்தது. கட்டை விரலில் வெள்ளை வெள்ளையாகத் திட்டு. நகத்தை அழுத்தினால் வளைந்தது. "ஏண்டி, இது நகமா அப்பளமா?" என்று அவள் கேட்டபோது சிரிப்பு வந்தது. மறுநாள் சானிடைசர் பட்டு எரிந்தபோது வரவில்லையாம்.

தவறு ஜெல்லின் மேல் இல்லை, எங்கள் அவசரத்தின் மேல்தான். ஆனால் விலை கொடுப்பது நகம். கைநகம் மாதத்துக்குச் சுமார் மூன்று மில்லிமீட்டர்தான் வளரும், அடியிலிருந்து நுனி வரை புதிதாக நாலைந்து மாதம், சிலருக்கு ஆறு மாதம்கூட ஆகும். அழகர் மலைக்குத் திரும்பி மூன்று மாதம் ஆகிவிட்டது. அந்த வெள்ளைத் திட்டு இன்னும் அவள் விரல் நுனியை எட்டவில்லை.

இன்னொரு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. இறுகாத ஜெல் தோலில் படக்கூடாது. அதிலுள்ள அக்ரிலேட்டுகள் என்ற வேதிப்பொருட்கள், முக்கியமாக ஹெமா என்று சுருக்கிச் சொல்வது, சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் ஆயுளுக்கும் நிற்கும், அதே இனத்துப் பொருட்கள் பல் அடைப்பதிலும் இருப்பதால் அங்கேயும் தொல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2020-ல் ஹெமா கலந்த நகப் பொருட்களைத் தொழில்முறை ஆட்கள் மட்டுமே கையாள வேண்டும் என்று விதி போட்டது. ஒளி பட்டதும் இறுகத் தூண்டும் டிபிஓ என்ற பொருளை 2025 செப்டம்பர் 1 முதல் அழகுப் பொருட்களில் தடையே செய்துவிட்டது. வீட்டில் போடும்போது நகக்கண்ணில் வழிவதும், இந்தக் கம்பெனி ஜெல்லுக்கு அந்தக் கம்பெனி விளக்கு பொருந்தாமல் அரைகுறையாக இறுகுவதும் சகஜம். எங்களுக்கு ஒன்றும் வரவில்லை. ஒரே ஒரு தடவை போட்டவர்கள் சொல்லும் சாட்சிக்கு அவ்வளவுதான் மதிப்பு.

அதற்கடுத்த வாரம் அவள் வீட்டில் கிடந்த பழைய பாட்டில்களை எடுத்தேன். அவள் நகம் தேறும் வரை முதல் மூன்று வாரம் என் கைதான் சோதனைச் சாலை. சாதாரண பாலிஷில் சுங்குடி போடுவதில் இருக்கிற ருசி அப்போதுதான் தெரிந்தது.

கருவி என்று தனியாக ஒன்றும் வாங்கவில்லை. கொண்டை ஊசியின் உருண்டை முனை பெரிய புள்ளிக்கு. பென்சிலின் பின்னால் இருக்கும் ரப்பரில் ஒரு குண்டூசியைச் செருகினால் அதன் தலை நடுத்தரப் புள்ளிக்கு. பல்குத்தும் குச்சி பொடிப் புள்ளிக்கு. பாலிஷை ஒரு சொட்டு பிளாஸ்டிக் மூடியில் விட்டு, முனையைத் தொட்டு, நகத்துக்குச் செங்குத்தாகப் பிடித்து வைத்து எடுக்க வேண்டும், அழுத்தக்கூடாது. ஒவ்வொரு புள்ளிக்கும் புதிதாகத் தொட்டால் எல்லாம் ஒரே அளவு. ஒரு தொடலில் நாலு வைத்தால் பெரிதிலிருந்து சிறிதாக இறங்கி வரும், அதுவும் அழகுதான். பழசாகிக் கெட்டியான பாலிஷ் பூசுவதற்கு உதவாது, புள்ளிக்கு அருமை, பரவாமல் முத்து மாதிரி நிற்கும். நூல் இழுக்க ஆரம்பித்தால் மட்டும் பாலிஷை இளக்கும் தின்னர் இரண்டு சொட்டு விட வேண்டும். ரிமூவரை ஊற்றினால் அந்தப் பாட்டிலின் கதை முடிந்தது.

இதில்தான் தோழி வேண்டும். வலதுகைக்காரிக்கு இடது கையில் போடுவது சுலபம். வலது கையில் தானே போட்டால் புள்ளி எல்லாம் வைகைக் கரை மணல் மாதிரி சிதறும். அவள் வலது கை என் பொறுப்பு, என் வலது கை அவள் பொறுப்பு.

அவளுடைய பாட்டி சின்ன வயதில் சுங்குடிக்கு முடிச்சுப் போட்டவர். சௌராஷ்டிரர் வீடுகளில் அது அப்போது சாதாரண கைவேலை. வெள்ளைத் துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி நூலால் கட்டி, சாயத்தில் முக்கி, கட்டை அவிழ்த்தால் கட்டின இடம் வெள்ளையாக நிற்கும். மதுரைச் சுங்குடிக்கு 2005-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் இப்போது கடைகளில் தொங்குவதில் பெரும்பாலானவை கையால் முடிந்தவை அல்ல, மெழுகு அச்சு. பாட்டி என் விரலைப் பிடித்துக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். "ஒரே மாதிரி இருந்தா அது அச்சு. கோணலா இருக்கறதால இது கை" என்றார். அதற்குப் பிறகு புள்ளி கோணினால் நான் துடைப்பதில்லை.

குறைகள் இல்லாமல் இல்லை. காயும் நேரம்தான் பெரிய தண்டனை. மெல்லிசாக இரண்டு பூச்சு, நடுவில் சில நிமிடம், புள்ளி வைத்தபின் குறைந்தது பத்து நிமிடம், அப்புறம்தான் மேல்பூச்சு. அவசரப்பட்டால் வெள்ளைப் புள்ளியைத் தூரிகை இழுத்து நகத்துக்கு நாமம் போட்டுவிடும். மேல்பூச்சைத் தாராளமாக எடுத்து, தூரிகை படாமல் மிதக்கவிட்டுத் தள்ள வேண்டும். தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தாலும் உள்ளே இறுக இன்னும் இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதற்குள் படுத்தால் தலையணை உறையின் நெசவு நகத்தில் பதியும். மேலே விசிறி சுழன்றால் குமிழி கிளம்புகிறது, அதனால் மே மாதத்தில் விசிறியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம். மஞ்சள் வேறு. வெள்ளைப் புள்ளி ஒரு சாம்பார் சாப்பாட்டில் பழுத்துவிடும். அரக்கு நிறத்தில் கடுகு மஞ்சள் புள்ளி என்று மாற்றிய பிறகு அந்தக் கவலை போனது. நுனி மூன்றாம் நாளே பெயர ஆரம்பிக்கும். ஜெல்லோடு வைத்துப் பார்த்தால் இது நொண்டிதான்.

ஆனால் ஞாயிறு இரவு எட்டு மணிக்கு உட்கார்ந்தால் எட்டேகாலுக்கு எழுந்துவிடலாம். நகத்தைச் சுற்றித் தேங்காய் எண்ணெய், இல்லாவிட்டால் அரக்கு தோலில் ஏறிச் சமையல்காரர் கை மாதிரி ஆகும். ரிமூவர் நனைத்த பஞ்சைப் பத்து நொடி அழுத்தி, நுனிப் பக்கமாக ஒரே இழுப்பு. சாமி விளக்குப் பக்கத்தில் இதைச் செய்யக்கூடாது, அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். இவ்வளவுதான். இத்தனை சனிக்கிழமைகளில் ஒரு நகம்கூட ஏடு உரியவில்லை, அவள் நகமும் இதற்கிடையில்தான் தேறி வந்தது.

இன்னும் சுலபமாக ஒரு வழியும் பார்த்தோம். பிள்ளைகள் கைவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையில் கொஞ்சம் தண்ணீர் கலந்து அடிப்பூச்சாகப் பூசி, காய்ந்ததும் அதன்மேல் பாலிஷ். கழற்றும்போது வெந்நீரில் கையை ஊறவிட்டால் ஓரத்திலிருந்து முழுசாகக் கழன்று வருகிறது, ரிமூவரே வேண்டாம். மூன்று முறைதான் செய்திருக்கிறோம். அதில் ஒருமுறை மாவாட்டிவிட்டுக் கை கழுவும்போது மோதிரவிரல் சுங்குடி வாஷ்பேசினில் போய்விட்டது. வீட்டு வேலை அதிகம் உள்ளவர்களுக்கு இதைச் சிபாரிசு செய்ய எனக்குத் தைரியம் போதாது.

காசுக் கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததே. விளக்கு, ஜெல் பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து ஆயிரத்தைத் தாண்டியது. புள்ளிக்கு விளக்குத்தூண் பக்கம் ஃபேன்சி ஸ்டோரில் வாங்கிய இரண்டு புதுப் பாட்டில்தான் செலவு. கல்யாணப் பெண் என்றால் என் பதில் வேறு. ஆவணியில் தோழியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். நலங்கில் தொடங்கி மறுவீடு வரை நகம் பெயராமல் நிற்க வேண்டும், அவளுக்கு ஜெல்தான் சரி என்று நாங்களே சொன்னோம். பழகின கையிடம் போய்ப் போட்டுக்கொள், கழற்றவும் அங்கேயே போ, இழுக்காதே என்று தோழி தன் கட்டை விரலைக் காட்டி எச்சரித்தும் வைத்திருக்கிறாள்.

எங்கள் விளக்கு சும்மா கிடக்கவில்லை. தோழியின் அப்பா அதைக் கடைக் கல்லாப் பக்கத்தில் வைத்திருக்கிறார். நல்ல நோட்டா என்று பார்க்க 500 ரூபாய் நோட்டை உள்ளே நீட்டினால், புற ஊதா ஒளியில் எண்கள் ஒளிர்கின்றன. நிமிடத்துக்கொரு முறை தானாக அணைந்துவிடுகிறது என்பது மட்டும்தான் அவருக்குக் குறை.