அஞ்சு வருட எம்.எஸ்சி. சைக்காலஜி: படித்து முடித்தவளின் ரிவ்யூ

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், தக்கலையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஆள் வந்துவிடும். போன வாரம் மார்த்தாண்டத்திலிருந்து சித்தி, மகளையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "மக்ளே, நீ படிச்ச அந்த மனசுப் படிப்புல இவளையும் சேத்து விடலாமா?" ஒவ்வொருவருக்கும் சாயா போட்டுக் கொடுத்து முதலிலிருந்து சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது, அதனால் எழுதியே வைக்கிறேன்.

நான் படித்தது ஐந்து வருட இன்டகிரேட்டட் எம்.எஸ்சி. சைக்காலஜி. 2019-இல் சேர்ந்து 2024-இல் முடித்தேன். கல்லூரி நம் மாவட்டத்துக்கு வெளியே. பெயர் வேண்டாம், அங்கே எனக்கு ஒரு கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

இளங்கலையும் முதுகலையும் சேர்ந்து ஒரே படிப்பு என்றதும் அப்பா ஒரு வருடம் மிச்சம் என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்: பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, தனித்தனியாகப் படித்தாலும் ஐந்துதான். களியக்காவிளை தாண்டிப் போய்ப் படிக்கலாம் என்றால், கேரளாவில் 2024-இலிருந்து நாலு வருட ஆனர்ஸ் டிகிரி வந்திருக்கிறது, அதற்கு மேல் ஒரு வருடம் எம்.எஸ்சி. என்று வைத்தாலும் அதே ஐந்து. பிறகு இதில் என்னதான் லாபம் என்றால், நாலாம் வருடத்துக்கு இன்னொரு அட்மிஷனுக்கும் நுழைவுத் தேர்வுக்கும் அலைய வேண்டாம். களியக்காவிளையில் இறங்கி வண்டி மாறாமல் நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு நேர் பஸ்ஸில் போகிற மாதிரி, பிடித்த சீட்டை விட வேண்டாம், அவ்வளவுதான், பஸ் ஒன்றும் வேகமாகப் போகாது.

நடுவழியில் இறங்க நினைத்தால்தான் கஷ்டம். என் வகுப்பில் ஒருத்தி மூன்றாம் வருடத்தோடு நிறுத்திவிட்டு வேறு ஊரில் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) சேரப் பார்த்தாள். இளங்கலைச் சான்றிதழோடு வெளியே போகலாம் என்று ப்ராஸ்பெக்டஸில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள், ஆனால் அந்தச் சான்றிதழ் கைக்கு வர பதினோரு மாதம் ஆனது, அவளுக்கு ஒரு வருடம் வீண். கடைசி வரை இருந்த எங்களுக்கோ ஒரே பட்டம். வேலைக்கு ஆன்லைனில் விண்ணப்பிக்கும்போது இளங்கலை மார்க் தனியாக, முதுகலை மார்க் தனியாகக் கேட்கும் கட்டங்களைப் பார்த்துவிட்டு எத்தனை தடவை ஆபீஸுக்கு போன் போட்டிருக்கிறேன் தெரியுமா? ஆகவே சேரும் முன்பே கேளுங்கள், சான்றிதழ் ஒன்றா இரண்டா, மூன்றாம் வருடத்தில் வெளியேறினால் எத்தனை நாளில் தருவீர்கள் என்று. வாயால் சொன்னால் போதாது, எழுத்தில் வாங்குங்கள்.

சரி, படிப்பு எப்படி? உண்மையைச் சொன்னால், முதல் மூன்று வருடம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கணக்குக்குப் பயந்து சைக்காலஜி எடுக்கிற பிள்ளைகள் மட்டும் கவனிக்கவும், இங்கே புள்ளியியல் துரத்தித் துரத்தி வரும், டி டெஸ்ட், அனோவா, கை ஸ்கொயர், பிறகு எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள். ஆனால் எக்ஸ்பெரிமென்டல் லேப் இருக்கிறதே, அது வேறு மாதிரி. ஒரே நீளமுள்ள இரண்டு கோட்டின் முனையில் அம்புக்குறியைத் திருப்பிப் போட்டால் ஒன்று நீளமாகத் தெரியும் முல்லர்-லையர் பலகையில் தொடங்கி, நினைவாற்றலை ஆராய்ந்த எபிங்ஹாஸின் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ண வைப்பது வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு ஆளைப் பிடித்து உட்கார வைத்து, நேரம் குறித்து, ரெக்கார்டு நோட்டில் எழுத வேண்டும்.

எங்களுக்கு இரண்டாம் வருடம் கொரோனாவில் போய்விட்டது. லேப் பூட்டு, வகுப்பு போனில். கண்ணாடியில் பார்த்து வரையும் சோதனையை அவரவர் வீட்டிலேயே செய்து அனுப்புங்கள் என்றார்கள். ஒரு நட்சத்திரத்தின் விளிம்பைப் பென்சிலால் பின்தொடர வேண்டும், ஆனால் தாளை நேராகப் பார்க்கக் கூடாது, எதிரே உள்ள கண்ணாடியில் தெரிவதை வைத்துத்தான் கை போக வேண்டும். வீட்டில் சும்மா இருந்தது அம்மச்சி ஒருத்திதான். சோப்பு டப்பா பக்கத்திலிருந்த கண்ணாடியைக் கழற்றி வந்து, இரண்டு செங்கல் வைத்து நிறுத்தி, தாளை அட்டையால் மறைத்து உட்கார வைத்தேன். முதல் முனையிலேயே பென்சில் எதிர்த்திசையில் ஓடியது. இழுக்க இழுக்க வெளியே போகிறது. "மக்ளே, இந்தக் கண்ணாடிக்குக் கிறுக்கா, எனக்கா?" தொடக்கத்தில் ஒரு தடவை இடது கையால் செய்ய வைத்து, பிறகு நாலு தடவை வலது கையால் செய்த பின் மறுபடி இடது கைக்கு மாற்றினேன், முதல் தடவை இடது கையால் செய்ததில் பாதித் தவறுகூட இல்லை. ஒரு கை பழகியது மறு கைக்கும் போய்ச் சேரும் என்று பாடத்தில் படித்தது கண்ணெதிரே நடந்தது. அதற்கு அம்மச்சி வாங்கிய கூலி ஒரு பழம்பொரி.

இந்தப் படிப்பில் நான் கண்ட பெரிய குறை மொழிதான். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு. கூடப் படித்தவளின் ஊர் குளச்சல் பக்கம், அவள் மாமா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. கவுன்சலிங் கொடுக்க வெளியூரிலிருந்து ஆட்கள் வந்தபோது அவள் மாமி, "எனக்கு ஒண்ணும் பேச வேண்டாம், தேடப் போன கப்பல் எங்க நிக்குன்னு சொல்லுங்க" என்றாராம். நான் இந்தப் படிப்பை எடுத்ததற்கு அந்தப் பேச்சும் ஒரு காரணம். ஐந்து வருடத்தில் மனநோய்களை வகைப்படுத்தும் டி.எஸ்.எம்.-5 கையேடு தலைகீழாகத் தெரியும், ஆனால் எல்லாம் ஆங்கிலத்தில். நாலாம் வருடம் ஒரு மனநல ஓ.பி.யில் (புறநோயாளிகள் பிரிவில்) முப்பது நாள் இன்டர்ன்ஷிப் போனால், எதிரே இருக்கும் அக்கா "நெஞ்சு பதறுது, கை கால் ஓடல்ல, யாரோ கண்ணு வச்சாச்சு" என்கிறார். எந்தக் கட்டத்தில் டிக் போடுவது? முதல் வாரம் முழுக்க நான் நோட்டைப் பார்த்துத் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தேன். அங்கே பதினைந்து வருடமாக இருக்கும் நர்ஸ் அக்கா ஒருவர்தான், தூக்கம் எப்படி, சமையல் பண்ணத் தோணுதா, பிள்ளைகள் மேல் எரிச்சல் வருதா என்று நம்ம ஊர்ப் பேச்சில் கேட்கப் பழக்கினார். படிப்பில் அதற்கு மார்க் எதுவும் இல்லை.

அடுத்தது சித்திக்குச் சொல்லியும் ஏறாத விஷயம். ஐந்து வருடம் முடித்தாலும் நீங்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டீர்கள். அந்தப் பெயரைப் போட இந்திய மறுவாழ்வு கவுன்சில் அங்கீகரித்த படிப்பும் அதன் பதிவும் வேண்டும். 2017 மனநலப் பராமரிப்புச் சட்டமே யார் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்று வரையறுத்து வைத்திருக்கிறது. இத்தனை காலம் வழி என்னவென்றால், எம்.எஸ்சி. முடித்து இரண்டு வருட எம்.பில்., பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை மாதிரி இடங்களில், இருப்பதோ கொஞ்சம் சீட். பொதுவாக எம்.பில்.லையே யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நிறுத்திவிட்டு, கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை நீட்டித்தது. அதனால் இப்போது சேர்கிறவர்கள் கல்லூரிக்காரர் சொல்வதைக் கேட்காமல் கவுன்சிலின் பட்டியலை நேராகப் பாருங்கள். எங்கள் சேர்க்கை நாளில் பேசியவர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை, "முடிச்சா கிளினிக் போடலாம்" என்றார்.

வீட்டிலிருந்தே தபாலில் படிக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து சைக்காலஜியைத் தொலைதூரத்திலோ ஆன்லைனிலோ நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. புரோக்கர் யாராவது சீட் இருக்கிறது என்றால் காசைக் கொடுத்துவிடாதீர்கள்.

நான் இப்போது நாகர்கோவிலில் ஒரு பள்ளியில் கவுன்சலர், மாதம் பதினெட்டாயிரம். ஹாஸ்டலோடு சேர்த்து ஐந்து வருடத்துக்கு அப்பா செலவழித்தது ஐந்தரை லட்சம். வேலை எனக்குப் பிடித்திருக்கிறது, சம்பளம் பிடிக்கவில்லை. இந்தப் பாடம்தான் வேண்டும் என்று பதினேழு வயதிலேயே உறுதியாக இருக்கிற பிள்ளைக்கு என்றால், இந்தப் படிப்புக்கு ஐந்துக்கு மூன்றரை மார்க் கொடுப்பேன். கொஞ்சம் சந்தேகம் இருந்தால் பக்கத்தில் பி.எஸ்சி. மட்டும் சேருங்கள், மூன்று வருடம் கழித்து அப்போதைய மனசை வைத்து முடிவு பண்ணிக்கொள்ளலாம். சித்தி மகளிடமும் அதைத்தான் சொன்னேன், அவள் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அக்கா, அந்தக் கண்ணாடி டெஸ்ட்ட எனக்கும் ஒரு தடவ வைப்பியா?" என்றாள்.

அப்புறம் அந்தப் பாக்கி. சேரும்போது கட்டிய, முடித்ததும் திருப்பித் தர வேண்டிய ஐயாயிரம் ரூபாய் காஷன் டெபாசிட். மூன்று தடவை கடிதம் எழுதியாச்சு, இன்னும் வரவில்லை.